மூடிக்கடைக்காரர் பேரில் கட்டிய வரி

மூடி விற்றவருக்கு வரி ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். ஆனால் அந்த மூடிக்காரர் செத்துப்போய் இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. கடிதத்தில் அவர் பேரைப் போட்டு, தாங்கள் நேரில் வந்து விளக்கம் தரவும் என்று எழுதியிருந்தார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் மனைவி என் பார்சல் கவுன்டருக்கு முன்னால் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"படிச்சுப் பாரு. இவரைக் கூப்பிடுறாங்க," என்றாள்.

"செத்தவரை எப்படிக்கா கூப்பிடுவாங்க?"

"ஏய், மெதுவாப் பேசு."

பக்கத்தில் ஈ காக்காய் இல்லை. அவள் தோள்பையைக் கையால் மூடிக்கொண்டாள். அந்தப் பைக்குள் அண்ணனுடைய, அதாவது அந்த மூடிக்காரருடைய, போன் இருந்தது. யார் காதில் விழுந்துவிடும் என்று பயந்தாள் என்பது எனக்குப் புரிந்தது.

முதலிலிருந்து சொன்னால்தான் சரிப்படும். எங்கள் கட்டடத்தில் கீழே கடைகள், மேலே வீடுகள். என் பார்சல் கவுன்டர் மாடிப்படிக்கும் லிஃப்டுக்கும் நடுவில் இருக்கிறது. யார் ஏறினாலும் யார் இறங்கினாலும் என் கண்ணில் படாமல் போக முடியாது. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம் என்பார்கள். அப்படியே இருக்கட்டும்.

அக்கா எதிர்ச்சாரியில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். விற்கிற வேலை இல்லை. பின்னால் ஒரு சின்ன அறை, அதில் ஒரு அரைக்கும் சக்கரம். ஃபிரேமுக்குத் தகுந்தபடி கண்ணாடியின் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்து உட்கார வைப்பாள். ஒரு முடி அளவு கூடினாலும் உட்காராது, குறைந்தாலும் கழன்று விழும். இருபது வருஷமாக அந்த வேலை செய்கிறவள் எப்படிப் பேசுவாள்? கண்ணாடி உடைந்துவிடுமோ என்கிற மாதிரித்தான் பேசுவாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

அண்ணன் நேரெதிர். லிஃப்ட் மெக்கானிக். கயிற்றில் தொங்கியபடி மேல்மாடிக்காரனோடு கீழே கேட்கும்படி சண்டை போடுகிற தொண்டை. ஒருநாள் அவர்கள் வீட்டு மிக்ஸியின் மூடி உடைந்தது. அந்த மாடலுக்கு மூடி வருவதில்லை, புது மிக்ஸி வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடைக்காரன் சொல்லிவிட்டான். அண்ணனுக்கு வந்ததே கோபம்!

"ஒரு மூடிக்காக மிக்ஸியைத் தூக்கிப் போடணுமாம்! நாளைக்குத் தொப்பி தொலைஞ்சா தலையை மாத்தச் சொல்லுவானா?" என்று என் கவுன்டரில் வந்து தட்டினார்.

பழைய சாமான் கிடங்கெல்லாம் அலைந்து அதே மாடல் மூடியைக் கண்டுபிடித்தார். ஒன்று தேடப் போனவர் ஒரு கோணிப்பை நிறைய மூடியோடு வந்து இறங்கினார். மிக்ஸி மூடி, ஃப்ளாஸ்க் மூடி, குக்கர் பிடி, டப்பா மூடி, பேர் தெரியாத மூடி. கழுவித் துடைத்து, அக்காவிடம் அளவெடுக்கச் சொல்லி, படம் பிடித்து, ஆன்லைனில் ஒரு கடையைத் திறந்துவிட்டார். கடைப் பேர் 'மூடி மட்டும்'. உலகத்தில் மூடி தொலைத்தவர்கள் இத்தனை பேரா என்று எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. வாரத்தில் பாதி நாள் என் கவுன்டரில் அவர் பார்சல்தான் முதலில் இருக்கும்.

அவர்கள் வீட்டின் உள்ளறை முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க மூடி. எனக்கு அந்த அறைக்குள் போகப் பிடிக்காது. அத்தனை மூடிக்கும் உரிய பாத்திரம் எங்கேயோ உடைந்தோ தொலைந்தோ போயிருக்கும். இது மட்டும் இங்கே துடைத்து மினுக்கி வைக்கப்பட்டிருக்கும். "உள்ளே வா" என்று அக்கா கூப்பிட்டால் நிலைப்படியிலேயே நின்று பேசிவிட்டு வந்துவிடுவேன்.

வாங்குகிறவர்களை அண்ணன் திட்டுவார். அதுதான் அவர் வியாபார ரகசியம். "போன மாசம்தானே ஒண்ணு அனுப்புனேன்? மூடியைத் தின்னுட்டியா?" என்று எழுதுவார். ஜனங்கள் அதற்கும் ஐந்து நட்சத்திரம் போடுவார்கள். டீ விற்கிறவர் ஒருவர் எங்கேயோ தூரத்து ஊரிலிருந்து திட்டு வாங்குவதற்கென்றே ஃப்ளாஸ்க் மூடி வாங்குவார். அண்ணனை 'மாமு' என்றுதான் கூப்பிடுவார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது.

வேலை நேரத்தில் யாராவது எழுதினால் தானாகவே ஒரு பதில் போகும். அதை அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எங்களிடம் படித்துக் காட்டிப் படித்துக் காட்டி எழுதினார். 'வணக்கம். வேலையில் இருக்கேன். சாயங்காலம் கண்டிப்பா பதில் சொல்றேன். அதுவரைக்கும் மிச்சம் இருக்கிறதையாவது தொலைக்காம வெச்சிருங்க.' போனில் ஆர்டர் வந்தால் லிஃப்ட் மணி மாதிரியே 'டிங்' என்று அடிக்கும்படி வைத்துக்கொண்டார்.

இன்னொரு விஷயத்திலும் அவர் கறார். வரி. ஆன்லைனில் ஏதோ கொஞ்சம் விற்கிறோம், இதற்கெல்லாம் யார் கணக்குக் காட்டுவார்கள் என்று நான்தான் ஒருமுறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"நம்ம வீட்டுல கிடந்த பழைய பீரோவை ஒருத்தனுக்கு வித்தா அது வேற. விக்கணும்னே வாங்கி, மேல லாபம் வெச்சு, திரும்பத் திரும்ப வித்தா அது வியாபாரம். சம்பளத்தோட சேத்து இதையும் காட்டணும். நாம காட்டலேன்னா அந்த ஆப்காரனே நம்ம பேர்ல இவ்ளோ வித்துச்சுன்னு ஆபீசுக்குச் சொல்லிருவான். அப்புறம் முழிக்கிறதுக்கு இப்பவே சொல்லிட்டா என்ன?"

"மூடி வித்ததுக்கு வரியாண்ணே?"

"லிஃப்ட்டுல ஏறுற கொழந்தைக்கு எடை கிடையாதா? அதையும் சேத்துத்தான் தாங்கணும்."

பழைய சாமான் கிடங்குச் சீட்டு, டேப்பும் அட்டைப்பெட்டியும் வாங்கின சீட்டு, நான் கொடுக்கிற பார்சல் ரசீது எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போடுவார். வருஷக் கடைசியில் செலவைக் கழித்து, மிச்ச லாபத்தைச் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குத் தாக்கல் செய்வார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்துக் கொடுப்பாள். அவர்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. அந்த வேலையைச் செய்யும்போது இருவரும் கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுதுகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

அவர் போன விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பார்க்கிறவர், "நம்ம வீட்டு லிஃப்டை ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்றிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். சற்று நேரத்தில் ஒரு ஃப்ளாஸ்க் மூடி படிப்படியாகத் தட்டித் தட்டி உருண்டு வந்து என் கவுன்டர் முன்னால் சுற்றி நின்றது.

"என்னண்ணே, சரக்கு தானா இறங்கி வருது?" என்று சத்தம் போட்டேன்.

பின்னாலேயே இன்னொரு மூடி வந்தது. அப்புறம் ஒரு கூட்டமே வந்தது. நான் ஓடினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் படுத்திருந்தார். மாரடைப்பு என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, வேறு மெக்கானிக் வந்து லிஃப்டைச் சரிசெய்தார். அது ஓட ஆரம்பித்த முதல் நாள் அக்கா வீட்டில் நான் இருந்தேன். வெளியே 'டிங்' என்றது. அக்கா விருட்டென்று எழுந்து கதவைத் திறந்தாள். லிஃப்ட் வாசலில் யாரும் இல்லை. உள்ளே அலமாரி மேலிருந்து இன்னொரு 'டிங்'. அண்ணனுடைய போன். அக்காவின் கொழுந்தனார்தான் அதை அணைய விடாமல் சார்ஜில் போட்டுவைத்திருந்தார், ஆபீஸ்காரர்கள் யாராவது கூப்பிடுவார்கள் என்று.

யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'அண்ணே, நீல மூடி இருக்கா?'

அக்கா போனைக் கையில் எடுத்துப் படித்தாள். பிறகு உள்ளறைக்குப் போனாள், நீல மூடியை எடுத்தாள், 'இருக்கு' என்று தட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் என் கவுன்டருக்குப் பார்சல் வந்தது. அனுப்புநர் இடத்தில் அண்ணன் பேர். நான் அக்காவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. இதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஒட்டி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். குரலே உயராத அந்த அக்கா, அண்ணன் போனைக் கையில் எடுத்தால் வேறு ஆளாகிவிடுவாள். விலை குறைக்கச் சொன்ன ஒருவரை, 'மூடி வேணுமா, பேரம் பேசப் பொழுது போகணுமா?' என்று விளாசினாள். எழுதிவிட்டு என்னிடம் காட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவள் சிரிப்பு இல்லை.

"என்னக்கா இது?"

"நான் எழுதலடி. இவரு எழுதுறாரு. எனக்கு இப்படியெல்லாம் வருமா?" என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் தட்டுப் பக்கத்தில் அந்தப் போன். தூங்கும்போது தலையணைப் பக்கத்தில். அண்ணன் இன்னும் சம்பாதித்துப் போடுகிறார், அதில்தான் வீட்டு வாடகையில் பாதி போகிறது என்று அவள் நிஜமாகவே நம்பினாள். வாங்குகிறவர்கள், 'நல்லா இருக்கீங்களாண்ணே?' என்று கேட்பார்கள். 'எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்' என்று பதில் போகும். ஊரில் எத்தனையோ வீட்டில் அவர் உயிரோடுதான் இருந்தார்.

வரிக் காலம் வந்தது. வரிப் பணத்தைக் கட்டாமல் விட்டால் அண்ணன் பேர் கெட்டுப்போகும் என்று அவளுக்கு ஒரே கவலை. பிஸ்கட் டின்னைத் திறந்தாள். அவர் செய்தபடியே சீட்டை அடுக்கினாள், செலவைக் கழித்தாள், அவர் கணக்குக்குள் அவர் கடவுச்சொல்லைப் போட்டு நுழைந்தாள். சம்பளம் என்ற இடத்தில் அவர் வாங்கினவரைக்கும் போட்டாள். மூடி வருமானத்தை ஒரு காசு மறைக்காமல் போட்டாள். மேலே சொன்னதெல்லாம் உண்மை என்ற இடத்தில் அவருக்காக அமுக்கினாள். பணத்தையும் கட்டினாள். அடுத்த வருஷமும் கட்டினாள். யாரையும் ஏமாற்றக் கூடாது என்று அப்படிக் கண்ணும் கருத்துமாகச் செய்தாளே, அதுதான் வினையாகிவிட்டது. அண்ணன் வேலை பார்த்த இடத்திலிருந்து வரவேண்டியதை வாங்குவதற்காகக் கொழுந்தனார் இறப்புச் சான்றிதழை ஏற்கெனவே எல்லா இடத்திலும் கொடுத்திருந்தார். ஆக, ஒரு ஆபீஸில் அவர் செத்திருந்தார், இன்னொரு ஆபீஸில் ஒழுங்காக வரி கட்டிக்கொண்டிருந்தார்.

கடிதம் வந்த சேதி தெரிந்ததும் கொழுந்தனார் ஓடிவந்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பல வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து, பயம் வந்தால் வலது கால் தானாகத் தரையை அமுக்கும்.

"அண்ணி, இது பொய்க் கணக்குன்னு புடிச்சு உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. பேசாம அண்ணன் இறந்துட்டாருன்னு சொல்லி, கடையை மூடிட்டு வந்துருவோம்."

"கடையை மூடுறதுன்னா?"

"மூடுறதுதான். அந்தக் கணக்கையே எடுத்துருவாங்க."

"அப்ப இவரு?" என்றாள் அக்கா.

கொழுந்தனார் தரையை அமுக்கினார். வரிப் பணமோ அபராதமோ அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அங்கே போய் வாயைத் திறந்து அவர் செத்துவிட்டார் என்று சொல்ல வேண்டும், சொன்னால் அந்தப் போன் அடங்கிவிடும், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வரி ஆபீஸில் எங்கள் முறை வந்தது. மூன்று பேரும் போனோம். மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி அம்மா, கடுமையான ஜலதோஷம், மூக்கைத் துடைத்தபடி கோப்பைப் பார்த்தார்.

"இவரு வரலையா?"

அக்கா தோள்பையைக் கையால் மூடிக்கொண்டாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, உங்களைத்தான். உங்க வீட்டுக்காரர் எங்க?"

"வேலையில இருக்காரு," என்றாள் அக்கா. "சாயங்காலம் கண்டிப்பா பதில் சொல்லுவாரு."

அண்ணன் எழுதிவைத்த அதே வார்த்தை, அதே ஏற்ற இறக்கம். மேசைக்கு அடியில் கொழுந்தனாரின் ஷூ தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. நான் அக்காவின் முழங்கையைப் பிடித்தேன்.

அதிகாரி கத்துவார் என்று நினைத்தேன். அவர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து, திருப்பி, அக்கா பக்கமாகத் தள்ளினார். இறப்புச் சான்றிதழின் நகல்.

"இந்தத் தேதி இவரோடதுதானே?"

அக்கா அதைக் கண்ணாடியின் ஓரத்தைப் பார்க்கிற மாதிரிக் குனிந்து பார்த்தாள்.

"ஆமா," என்றாள் கடைசியில். "ஒரு சனிக்கிழமை." அவ்வளவு சொன்னதும் குபுக்கென்று அழுதுவிட்டாள். இரண்டு வருஷத்தில் அவள் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதிகாரி தன் டிஷ்யூப் பெட்டியைத் தள்ளினார். "வரி கட்டாம ஏமாத்துறவங்களை தினம் பாக்குறேன். கட்டி ஏமாத்துனவங்களை இப்பதான் பாக்குறேன்."

"நான் யாரையும் ஏமாத்தலைங்க. ஒரு காசு விடாமக் கட்டியிருக்கேன்."

"எங்களை ஏமாத்தலம்மா. அது தெரியுது." மூக்கைச் சிந்தினார். "இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. இந்தத் தேதியில ஒரு கோடு போடணும். கோட்டுக்கு இந்தப் பக்கம் வித்தது அவர் வருமானம். அதை அவர் பேர்ல கடைசிக் கணக்காத் தாக்கல் பண்ணணும், நீங்க வாரிசாக் கையெழுத்துப் போடலாம். கோட்டுக்கு அந்தப் பக்கம் வித்தது யாரு?"

"அவரு..."

"யாரு பேக் பண்ணது? யாரு அனுப்புனது?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்கதான்," என்றார் அதிகாரி. "யாரு சம்பாதிச்சாங்களோ அவங்க பேர்லதான் கணக்கு வரணும். உங்க சம்பளத்தோட அதைச் சேத்துத் திருத்தித் தாக்கல் பண்ணுங்க. அவர் பேர்ல கட்டுனதை நேர் பண்ணிக்கலாம். அபராதம் வந்தாலும் சின்னதாத்தான் வரும், நீங்க மறைக்கலையே. ஆனா அந்த ஆன்லைன் கடை அவர் பேர்ல இருக்கக் கூடாது. இந்த மாசத்துக்குள்ள அவங்களுக்குச் சொல்லி மூடிருங்க. வேணும்னா உங்க பேர்ல புதுசாத் திறங்க."

வெளியே வந்து கொழுந்தனார் பெருமூச்சு விட்டார். "அப்பாடா, தப்பிச்சோம் அண்ணி!" அக்கா அவரை முறைத்த முறைப்பில் மனிதர் கார் சாவியைத் தேடுகிற சாக்கில் நகர்ந்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க என் கவுன்டரில்தான் கோடு போட்டோம். பிஸ்கட் டின் ஒன்று போதாமல் இப்போது ஒரு அட்டைப்பெட்டியும் இருந்தது. தேதியைப் பார்த்து, அண்ணன் சீட்டு இடது பக்கம், அக்கா சீட்டு வலது பக்கம். நடுவில் ஒரே ஒரு பார்சல் ரசீது மாட்டிக்கொண்டது. அந்தச் சனிக்கிழமை காலையில் அண்ணன் பேக் செய்து வைத்துவிட்டுப் போனது, காரியம் முடிந்த பிறகு அக்கா கொண்டுவந்து என்னிடம் கொடுத்தது. ஆர்டர் எடுத்தது அவர். அனுப்பினது இவள். அக்கா அந்தச் சீட்டை இடது பக்கம் வைப்பாள், எடுப்பாள், வலது பக்கம் கொண்டுபோவாள், வைக்காமல் திரும்புவாள்.

"அண்ணன் கட்டுனதுதானேக்கா, அவர் பக்கமே இருக்கட்டும்," என்றேன். வைத்துவிட்டுக் கையை அதன் மேலேயே வைத்திருந்தாள்.

அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். இடது பக்கக் குவியல் ஒரு சாண் உயரம். வலது பக்கக் குவியல் சரிந்து, ரப்பர் பேண்டுக்குள் அடங்காமல், தராசுத் தட்டு வரை போயிருந்தது.

"இதென்ன இவ்ளோ இருக்கு?"

"உங்களுதுதான்க்கா."

"இவரு காலத்துல இவ்ளோ வித்ததில்லையே."

"இல்லதான்."

"அப்ப இவ்ளோ நாளா... நானா?"

மகிழ்ச்சியாகக் கேட்டாள் என்று நினைக்காதீர்கள். திருட்டுப் போன வீட்டுக்காரி கேட்கிற மாதிரிக் கேட்டாள். "இவரு சம்பாதிச்சுப் போடுறாருன்னு நெனச்சுத்தானே தினம் சோறு இறங்குச்சு," என்றாள். "அப்ப இவரு என்னை விட்டுட்டு அன்னைக்கே போயிட்டாரா?"

நான் சரிந்து கிடந்த சீட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

கணக்குத் தாக்கலாயிற்று. ஆப்காரர்களுக்குச் சான்றிதழை அனுப்பினோம். இன்ன தேதி இரவோடு கடை நீக்கப்படும் என்று பதில் வந்தது. அக்கா தன் போனில், தன் பேரில் ஒரு கடை திறந்தாள். பேர் அதே மாதிரி வைக்க அனுமதி இல்லை. 'அளவான மூடி' என்று வைத்தாள். நட்சத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. அவர் கடையில் இருந்த ஆயிரக்கணக்கான நட்சத்திரத்தில் ஒன்றைக்கூட இங்கே கொண்டுவர முடியாதாம்.

பழைய வாடிக்கைக்காரர்களுக்குக் கடைசியாக ஒரு சேதி எழுதினாள். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது, இதுவரை எழுதியது அவர் மனைவி, மன்னிக்கவும். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். காறித் துப்புவார்கள் என்று பயம். 'டிங் டிங்' என்று அடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் எடுத்துப் படித்தேன். திட்டு வாங்கவே மூடி வாங்குகிற அந்த டீக்காரர் எழுதியிருந்தார்.

'எனக்கு அப்பவே தெரியும்க்கா. ஒருநாள் நல்லாத் திட்டிட்டு, கடைசியில சாப்டியான்னு கேட்டீங்க. மாமு என்னை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்ல. கேட்டது நல்லா இருந்துச்சு, அதான் நானும் சொல்லல.'

படித்துக் காட்டினேன். அக்கா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

கடை நீக்கப்படும் நாள் வந்தது. அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மதியத்திலிருந்து என் கவுன்டருக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் போன் தராசுப் பக்கத்தில் கிடந்தது. அக்கா தன் போனை எடுத்தாள். புதுக் கடையிலிருந்து பழைய கடைக்கு, வாங்க வருகிறவள் மாதிரி, எழுதினாள். 'என்னங்க' என்று ஒரே ஒரு வார்த்தை.

தராசுப் பக்கத்தில் 'டிங்'. உடனே அக்கா கையிலும் 'டிங்'. பதில் வந்துவிட்டது.

'வணக்கம். வேலையில் இருக்கேன். சாயங்காலம் கண்டிப்பா பதில் சொல்றேன். அதுவரைக்கும் மிச்சம் இருக்கிறதையாவது தொலைக்காம வெச்சிருங்க.'

அக்கா படித்தாள். மறுபடி படித்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். லிஃப்ட் வரும்போதெல்லாம் மணி அடித்தது, அடிக்கும்போதெல்லாம் தலை திரும்பியது. மேல்மாடிக்காரர் இறங்கினார். பால் வாங்கப் போன பெண் ஏறினாள். ஒருமுறை கதவு திறந்து, உள்ளே யாருமே இல்லாமல், கொஞ்ச நேரம் அப்படியே நின்று மூடிக்கொண்டது. யாராவது பொத்தானை அமுக்கிவிட்டுப் படியில் போயிருப்பார்கள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடம்பு கேட்கவில்லை.

எதிர்ச்சாரிக் கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். வாசலில் தெருவிளக்கும் எரிந்தது. நான் எழுந்து போய், ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, உள்ளே குழல்விளக்கைப் போட்டேன். இனி வெளியே இருட்டினாலும் தெரியாது.

"இன்னும் சாயங்காலம் ஆகலைல்ல?" என்றாள் அக்கா.

"இன்னும் ஆகலக்கா," என்றேன்.